கோழிகள் குடித்த கஞ்சி

மகன், நீ இதை வாசிக்கிற நேரம் உனக்குக் கலியாணம் பேசி முடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கல்முனைக் கரையில் ஆம்பிளைப் பிள்ளையைப் பெற்றவளுக்கு அந்த நாள் வராமல் இருக்காது. மாப்பிள்ளையாகி, உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்விடுவாய். அதன் பிறகு உன் சோற்றுப் பீங்கானில் என்ன விழுகிறது என்பதை இன்னொரு உம்மா பார்த்துக்கொள்வாள். இப்போது உனக்கு ஆறு வயது நடக்கிறது, முதலாம் ஆண்டுப் புத்தகப் பையை முதுகில் போட்டால் பின்னால் சாய்கிறாய். இந்த வயதில் உன்னிடம் சொல்ல முடியாத ஒன்றை வளர்ந்த உன்னிடம் சொல்ல வேண்டும். நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அப்போதே எழுதியிருந்தால் கோபம் மட்டும்தான் எழுத்தில் நின்றிருக்கும். இப்போதும் கோபம் போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் என் பிழையும் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றத் தாய்மாரும் வாசிக்கட்டும் என்பதற்காக யாருடைய பெயரையும் எழுதவில்லை.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்களுடையதைச் சொல்ல எனக்கு வாய் வேண்டும். உனக்கு இரண்டு வயதாகும்போது எனக்கு நிந்தவூரில் அலுவலக வேலை கிடைத்தது. பட்டம் முடித்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த வேலை. உன் வாப்பா கட்டாரில். காலை ஏழேகாலுக்கு பஸ் எடுக்க வேண்டும். சோறு ஊட்ட நேரமில்லாத நேரமெல்லாம் பால்மாவைக் கரைத்துப் போத்தலில் தந்தேன். நாளைக்கு நாலு போத்தல், சில நாளில் ஐந்து. வயிறு நிறைந்த பிள்ளை சோற்றுக்கு ஏன் வாய் திறக்கப் போகிறது? வெள்ளைச் சோறு நாலு வாய், விசுக்கோத்து, பால். மூன்று வயதுக்குள் நீ மூன்று நாளைக்கு ஒரு தடவை, நாலு நாளைக்கு ஒரு தடவை என்று கக்கூசுக்குப் போகத் தொடங்கினாய். அதுவும் கல்லாக.

நான் படித்தவள் அல்லவா, படிக்கத் தொடங்கினேன். நார்ச்சத்து என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நம் வயிறு செரிக்காமல் விடுகிற பகுதிதான் நார். கீரைத் தண்டிலும் அரிசித் தவிட்டிலும் பயற்றந் தோலிலும் இருக்கிற கரடான நார் மலத்துக்குப் பருமன் கொடுத்துத் தள்ளும். வெண்டிக்காயில், ஓட்ஸில் இருக்கிற வழுவழுப்பான நார் தண்ணீரைப் பிடித்துவைத்து அதை இளக்கும். பெருங்குடலில் வாழ்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கும் அதில்தான் சாப்பாடு. இவ்வளவையும் வாசித்தவள் ஒரு வரியை மட்டும் பாய்ந்து போய்விட்டேன். தண்ணீர் போதாமல் நாரை மட்டும் கூட்டினால், அதுவும் ஏற்கனவே அடைத்திருக்கிற குடலில் கூட்டினால், அடைப்பு இன்னும் இறுகும். நான் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், சிவப்பரிசி, தவிடு, கடையில் வாங்கிய இசப்கோல் உமி, எல்லாவற்றையும் உனக்குள் இறக்கினேன். நீ தண்ணீர் குடிக்கிற பிள்ளை இல்லை. அந்தக் கிழமை முடிவில் நீ கக்கூசில் இருந்து கத்தியது முன்வீடு வரைக்கும் கேட்டது. துடைத்த துணியில் இரத்தம் இருந்தது. அன்றிலிருந்து உனக்குப் பயம். வருகிற நேரம் கதவுக்குப் பின்னால் போய், காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்கிக்கொண்டு நிற்பாய். அந்தப் பயத்தை உனக்குள் போட்டது நான்.

அதன் பிறகுதான் கஞ்சி. குழந்தை வைத்தியரிடம் காட்டி, முறையாகக் கேட்டு, மெதுவாகத் தொடங்கினேன். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்கண்ணி எது கிடைக்குமோ அதை அரைத்துப் பிழிந்து, சிவப்பரிசியும் கொஞ்சம் பயறும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, விடியலில் காய்ச்சி வைத்துவிட்டுப் போவேன். பின்னேரத்துக்குப் பப்பாசிப்பழம் வெட்டிப் பெட்டியில் போட்டு வைப்பேன். தருவது உன் பெரியும்மா, என் கூடப்பிறந்த மூத்தவள். உனக்குத் தெரியும், நம் வளவு சீதனமாக இரண்டாகப் பிரிந்த வளவு. மூத்தவளுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு, நடுவில் மதில், மதிலில் போய்வர ஒரு கடப்பு, அதற்கு ஒரு சின்னக் கதவு. நீ நடக்கப் பழகியதே அந்தக் கடப்பால் போய் வந்துதான். என்னைவிடப் பதினொரு வயது மூத்த ராத்தா. எனக்குத் தலை வாரிவிட்டவள், நான் கம்பஸில் இருந்த காலம் பஸ்ஸில் ஆள் பிடித்துக் கறி அனுப்பியவள். அவளிடம் உன்னை விட்டுவிட்டுப் போகும்போது நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

வந்ததும் கேட்பேன். “ராத்தா, கஞ்சி குடிச்சானா?”

“ஓம் புள்ள, முழுக்கக் குடிச்ச. கோப்பையப் பாரு, வழிச்சி வெச்சிரிக்கி.”

கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும். உன்னிடமும் கேட்பேன். நீ என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவாய். எட்டு மாதம், மகன். எட்டு மாதம் நான் கஞ்சி காய்ச்சினேன். உன் வயிறு மட்டும் ஊதிக்கொண்டே போனது. தொட்டால் இடப்பக்கம் கட்டியாகப் படும். பசி குறைந்தது, எடை ஏறவில்லை. கிளினிக்கில் வைத்தியர் உன் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னார். கொப்பியில் நாள் நாளாக எழுதினேன். காலை இலைக்கஞ்சி ஒரு கோப்பை. பின்னேரம் பப்பாசி. இரவு சிவப்பரிசிச் சோறு, கீரைச் சுண்டல். அவர் வாசித்துவிட்டு எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “நீங்க எழுதியிருக்கிறதைச் சாப்பிடுற பிள்ளைட குடல் இப்படி இருக்கிறது எனக்கு விளங்கல்ல. களிசான்ல ஒழுக்கு ஏதும் இருக்கா?” என்றார். இல்லை என்றேன். உன் காற்சட்டையில் நான் அப்படிக் கண்டதில்லை, அதனால் இல்லை என்றேன். அவர் எக்ஸ்ரேயை மேசையில் வைத்துவிட்டு, சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு இல்லாமல் இருக்கும், அதைப் பார்க்க மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டும், மயக்கிச் சிறு சதை எடுத்துச் சோதிப்பார்கள் என்றார். அந்த நோய் என்றால் பிறகு வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன். தொழுகையில் எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். உன் பெரியும்மா என் பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவினாள். “ஒண்டும் இரிக்காது புள்ள, அல்லாஹ் காப்பாத்துவான்” என்றாள். அவளுக்குத் தெரியும், மகன். தடவிக்கொண்டிருந்த கைக்குத் தெரியும்.

மட்டக்களப்புக்குக் கடிதம் எடுக்கப் போன அன்று வைத்தியர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டு, உன்னைத் தூக்கித் தன் மேசை ஓரத்தில் இருத்தினார். அவர் வயல்காரக் குடும்பத்துத் தமிழ்ப் பெண், பிள்ளைகளோடு கதைக்கத் தெரிந்தவர்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க, ராசா?”

நீ என்னைப் பார்த்தாய். “கஞ்சி.”

“என்ன நிறம்?”

“பச்ச.”

“எல்லாம் குடிச்சிட்டீங்களா, மிச்சம் வெச்சீங்களா?”

“மிச்சம்.”

“மிச்சத்தை யார் குடிச்ச?”

“கோழி.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. “எவ்வளவு மிச்சம்?” என்றார். நீ இரண்டு கையையும் முடிந்த மட்டும் விரித்தாய். “எல்லாம். எனக்கு விசுக்கோத்து. தேத்தண்ணில தோச்சி.” பிறகு அவர் காதுக்குக் கிட்டப் போய், ஒரு முழம் தூரத்தில் இருந்த எனக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, “உம்மாக்குச் சொல்லப்படா” என்றாய்.

வைத்தியர் என்னைப் பார்க்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டு, களிசான் ஊத்தையாகிறதா என்று கேட்டார். “பெரியும்மா கழுவுவா” என்றாய். “நெடுகலும் கழுவுவா. உம்மா வரமுன்ன.”

அந்த அறையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. குடலில் இறுகிக் கிடக்கிற மலத்தைச் சுற்றி, மேலிருந்து வருகிற இளகியது ஓரத்தால் வழிந்து களிசானில் படும். “வாய்க்கால் அடைச்சா தண்ணி வரம்பால கசியும்தானே, அதுதான் இது” என்றார் வைத்தியர். “கசிவைப் பார்த்திட்டு வயிற்றோட்டம் எண்டு நினைச்சிருக்காங்க.” வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு நம் வீடுகளில் கீரை தர மாட்டார்கள், பழம் தர மாட்டார்கள். வெறுந்தேத்தண்ணியும் விசுக்கோத்தும்தான். உன் பெரியும்மா அதையே செய்திருக்கிறாள். அடைத்த குடலை இன்னும் அடைக்கிற சாப்பாட்டை எட்டு மாதம் தந்திருக்கிறாள். வைத்தியர் தேடிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தை, நான் பஸ்ஸால் இறங்க முன்னம் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயப்போட்டிருக்கிறாள். லீவு நாட்களில் நீயே கடப்பால் ஓடிப்போய் அவளிடம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாய். மட்டக்களப்புக் கடிதத்தை வைத்தியர் மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். “முதல்ல இதைச் சரியாக்கிப் பார்ப்பம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கடப்பால் போனேன். உன் பெரியும்மா மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். நீ என் கையில் இருந்து நழுவி அவளிடம் ஓடினாய்.

“கஞ்சிய கோழிக்கா ஊத்தின நீங்க?”

அவள் கத்தியை வைக்கவில்லை. “ஓம். ஊத்தினதான்.”

“எட்டு மாசமாவா?”

“வகுத்தால போற புள்ளைக்கு யாரு புள்ள இலக்கஞ்சி குடுப்பாங்க? நீ படிச்சவ, நீயே சொல்லு. கோப்பையக் கண்டாலே வாயப் பொத்திக்கிட்டு கதறுறான். நான் என்ன கல்லா?”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே ராத்தா.”

“சொன்னா நீ நிண்டு கேட்பியா? ஒரு தும்மல் போட்டா ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுற ஆளு நீ. களிசான் ஊத்தையாகுது எண்டு சொல்லியிருந்தா நீ வேலய உட்டிருப்பா. பெரிய வாப்பாவோட ஜும்ஆவுக்குப் போற புள்ள, தொழுகைக்கு ஆகாத நஜீசான களிசானோட போகேலாது எண்டு நான் ஒவ்வொரு வெள்ளியும் ரெண்டு தரம் கழுவி உடுத்தி அனுப்பின. ஆருக்காக?”

“அப்ப மட்டக்களப்புக்குக் கொண்டு போய் வெட்டுறதையும் பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க.”

அவள் கத்தியை வைத்தாள். மீனைக் கழுவினாள். கழுவின மீனை மறுபடி கழுவினாள். பிறகு தலை நிமிராமல், “உன்ட மாப்புளைக்கும் தெரியும். அவருதான் உன்னிட்டச் சொல்ல வேணாம் எண்ட” என்றாள்.

உன் வாப்பாவுக்கு அழைத்தேன். மறுக்கவில்லை. “நீ பயந்திருவா எண்டுதான்” என்றார். “ராத்தா பார்த்துக்குவா எண்டு நெனச்சன்.” கட்டாரில் இருந்துகொண்டு அவருக்கு உன் களிசான் வரைக்கும் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்து உன் வயிற்றைத் தடவுகிற எனக்குத் தெரியவில்லை. கொப்பியில் நான் எழுதிய காலையும் பின்னேரமும் பொய். அதை நான் பொய்யென்று தெரியாமல், அழகான கையெழுத்தில், கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அந்தக் கொப்பியை நான் இன்னும் எறியவில்லை.

ஒன்றைச் சொல்கிறேன். ராத்தா செய்ததையோ வாப்பா செய்ததையோவிட என்னை உடைத்தது உன்னுடைய அந்த ஒரு வசனம். நாலு வயதுப் பிள்ளை. உனக்கு அப்போது சப்பாத்து இடம் வலம் தெரியாது. ஆனால் உம்மாவுக்கு எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து, நான் கேட்க விரும்புகிற பதிலைத் தலையாட்டித் தரத் தெரிந்திருந்தது. யார் படிப்பித்தது என்று நான் பல நாள் ராத்தாவைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, நான் கஞ்சிக் கோப்பையோடு உன் முன்னால் இருக்கிற லீவு நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு கரண்டிக்கும் உன் தொண்டையைப் பார்ப்பேன். கக்கூசுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “வந்ததா, வந்ததா” என்று நிற்பேன். வராவிட்டால் என் முகம் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். மூன்று பேரும் என் பயத்தைப் பார்த்துத்தான் பொய் சொன்னீர்கள். இதை எழுதுவதால் அவர்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பயப்படுகிறவளை ஏமாற்றலாம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மருந்து கொடுத்து உன் குடலைச் சுத்தமாக்க ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. பிறகு பல மாதம் பாணி மருந்து. பால் நாளைக்கு ஒரு கோப்பைக்கு மேல் இல்லை. சாப்பிட்ட கையோடு பத்து நிமிடம் கக்கூசில் இருக்க வேண்டும், காலுக்குக் கீழே ஒரு பலகை, வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி. நார் மெதுவாகத் திரும்பி வந்தது. முதலில் பழம், பிறகு சோற்றோடு கொஞ்சம் பயறு, கடைசியில்தான் கீரை, ஒவ்வொன்றோடும் தண்ணீர். மட்டக்களப்புக்குப் போகத் தேவையே வரவில்லை. உன் பெரிய வாப்பா, ராத்தாவின் மாப்பிள்ளை, பகிடிக்காரர். பெருநாளன்று எல்லோரும் இருக்கிற இடத்தில், “நம்மட கோழிகளுக்கு மட்டும் ஒரு நாளும் வகுத்துக் கோளாறு வரல்லியே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ராத்தாவும் சிரித்தாள். நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் சம்பளமில்லாத லீவு எடுத்து உன்னை என்னோடே வைத்திருந்தேன். கடப்புக்குப் பூட்டுப் போட்டேன். நீ பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நிற்பாய், மறுபக்கம் அவள் நிற்பது அவளுடைய செருப்புச் சத்தத்தில் தெரியும். பிறகு வேலைக்குத் திரும்பினேன், நீ பள்ளிக்கூடம் சேர்ந்தாய். பள்ளி ஒன்றரைக்கு விடும், நான் வர ஐந்தாகும். பூட்டைக் கழற்றினேன். நம்பிக்கை வந்து கழற்றவில்லை, வேறு வழியில்லாமல் கழற்றினேன். அவளும் நானும் கதைக்கிறோம். கறி மாற்றிக்கொள்கிறோம். ஆனால் அவள் “ஓம் புள்ள, சாப்பிட்டான்” என்று சொல்லும்போது நான் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கிறேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நீ ஒரு வீட்டுக்குப் போய் வாழப் போகிறாய். அங்கே சிவப்பரிசி இருக்குமோ, வெள்ளை மாப் பாணும் இறைச்சியும் மட்டும்தான் இருக்குமோ தெரியாது. உன் உடம்புக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லு. மாமி வீட்டில் கீரை கேட்பது வெட்கமில்லை. தண்ணீர் குடி. வந்த நேரம் போ, அடக்காதே, உன் குடல் ஒரு தடவை விரிந்து கெட்டது, அதற்கு ஞாபகம் இருக்கும். நாரை ஒரே நாளில் கூட்டாதே, உன் உம்மா செய்த பிழை அது. உனக்கு வருகிறவள் என்னைப் போலப் பயந்தவளாக இருந்தால், அவளுடைய நல்லதுக்கென்று எதையும் மறைக்காதே. அவள் அழட்டும், ஓடட்டும், இருக்க வைத்துச் சொல்லு. மறைத்தால் அவள் பயம் குறையாது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாமல் போகும். நான் உனக்கு இல்லாத ஒரு நோயைப் பார்த்துப் பயந்தேன்.

போன மாதம் ஒரு நாள் நான் வேலையால் வந்து பர்தாவைக் கூடக் கழற்றவில்லை. நீ கடப்படியில் நின்றாய். பக்கத்தில் அவள் இல்லை, அவளுடைய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“உம்மா, ஒண்டு சொல்லவா?”

“சொல்லு.”

“நான் ரெண்டு நாளா போகல்ல. ஸ்கூல் கக்கூசு பயம். அடக்கிட்டு இருந்தன். கொஞ்சம் களிசான்ல பட்டிட்டு.” மூச்சு விட்டாய். “பெரியும்மா கழுவித் தர மாட்டாவாம். உம்மாட்டக் காட்டிட்டு வா எண்டா.”

கையில் சுருட்டிய களிசானை நீட்டினாய். நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய், அந்தக் கஞ்சிக் காலத்தில் பார்த்த மாதிரியே, எதையோ தேடிக்கொண்டு. என் நெஞ்சு அடித்த அடி உனக்குக் கேட்டிருக்கக்கூடாது. நான் குனிந்து அதை வாங்கினேன். “சரி, நல்ல வேலை செஞ்ச. முதல்ல தண்ணி குடி, மறுகா ரெண்டு பேரும் போய் இருந்து பார்ப்பம்” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. நீ இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டதும், தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினாய்.